வண்டியை எங்க நிறுத்தறது?

என் வண்டியை திருச்சியில நிறைய பேருக்குத் தெரியும். பழைய ஸ்ப்ளெண்டர், பின்னாடி நம்பர் பிளேட்டுக்கு மேல பொண்ணு பேரை மஞ்சள் ஸ்டிக்கர்ல ஒட்டியிருப்பேன், இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேலைங்கறதால உறையூர், தில்லை நகர், பாலக்கரைன்னு தெருத்தெருவா சுத்தின வண்டி. இந்த வண்டியை 11 வருஷம் டாஸ்மாக் வாசல்ல நிறுத்தியிருக்கேன், பட்டப்பகல்ல, மெயின் ரோட்டுல, ஸ்டிக்கர் நல்லா தெரியற மாதிரி. ஒரு நாள் கூட கூச்சமா இருந்ததில்ல. ஆனா குடியை விடறதுக்கு ஒரு கூட்டம் நடக்குது, அங்க போகணும்னு முடிவு பண்ண அன்னிக்கு எனக்கு வந்த முதல் கவலை என்ன தெரியுமா, வண்டியை எங்க நிறுத்தறது, யாராச்சும் பாத்துட்டா என்ன நினைப்பாங்க.

போன வாரம் ஒரு பாலிசிதாரரோட வீட்டம்மா போன் பண்ணாங்க. பிரீமியம் விஷயமா இருக்கும்னு நினைச்சேன், ரெண்டு நிமிஷம் எதை எதையோ பேசிட்டு அப்புறம் குரலை இறக்கி, "சார், நீங்க எங்கயோ போயி குடியை நிறுத்திட்டீங்களாமே, அது எங்க இருக்கு, அங்க என்ன நடக்கும், எவ்வளவு ஆகும்"னு கேட்டாங்க. அவங்ககிட்ட சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவா இங்க எழுதறேன். என் பேரு போடல, இடம் எதுன்னும் சொல்லல, ஏன்னு பின்னாடி வரும்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நான் நிறுத்தாத ஆளு இல்ல. நிறைய தடவை நிறுத்தியிருக்கேன். பொண்ணு தலையில கை வெச்சு சத்தியம் பண்ணி நிறுத்தியிருக்கேன், சமயபுரத்துல கயிறு கட்டி நிறுத்தியிருக்கேன், மூணு வருஷம் வரிசையா மாலை போட்டு ஒவ்வொரு தடவையும் 48 நாள் பச்சைத் தண்ணி மாதிரி இருந்திருக்கேன். மலைக்குப் போயிட்டு வந்து மாலையைக் கழட்டி சாமி படத்துல மாட்டின அன்னிக்கு சாயங்காலமே போயி நின்னுருக்கேன், அதையும் சொல்லணும்ல. எங்க அம்மா "குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு"ன்னு சொல்லும், என் விஷயத்துல விடியற வரைக்கும் கூட தாங்காது. 2020 லாக்டவுன்ல மார்ச் கடைசியில கடை மூடினாங்க, நானும் பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன், மே 7ஆம் தேதி திறந்தாங்க பாருங்க, அன்னிக்கு க்யூவுல எனக்கு முன்னாடி நாலு பேருதான். ஆக நிறுத்தத் தெரியாதவன் இல்ல நான், நிறுத்தின இடத்துல நிக்கத் தெரியாதவன்.

வேலையைப் பத்தியும் சொல்லணும். பாலிசி ஃபார்ம்ல மதுப்பழக்கம் உண்டான்னு ஒரு கேள்வி இருக்கும். எதிர்ல உக்காந்திருக்கறவர் வாயில நேத்து ராத்திரி வாடை இன்னும் போகாம இருக்கும், என் வாயிலயும்தான், நான் பேனாவை எடுத்து "இல்லை"ன்னு டிக் பண்ணுவேன், அவரும் கையெழுத்து போடுவாரு. ரெண்டு பேருமா சேந்து பொய் சொல்லிட்டு டீ குடிப்போம். இந்த விஷயம் மறுபடி வரும், ஞாபகம் வெச்சுக்கோங்க.

எல்லாம் ஒரு நாள் காலையில முடிஞ்சுது. கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கும், எனக்கு 9 மணிக்கே கை நடுங்க ஆரம்பிச்சுடும், பிளாக்ல எங்க கிடைக்கும்னு அத்துபடி. அன்னிக்கு வாங்க முடியல. கஸ்டமர் வீட்டுல ஃபார்ம்ல சாட்சி கையெழுத்து போடணும், பேனா ஒரு பக்கம் போகுது, கை ஒரு பக்கம் போகுது. அந்த வீட்டுப் பெரியவரு ஒண்ணும் பேசல, என் கையிலேருந்து பேனாவை வாங்கி மூடி வெச்சுட்டு, "நாளைக்கு வாங்க சார்"னாரு. அவ்வளவுதான். யாராச்சும் திட்டியிருந்தா கோவத்துல இன்னொரு கட்டிங் போட்டிருப்பேன். அவரு பேனாவை மூடின அந்த விதம்தான் ஜிஹெச்சுக்கு கொண்டு போய் விட்டுச்சு.

மனநலப் பிரிவுல ஓபி சீட்டுல டாக்டரம்மா எஃப் 10.2 ன்னு எழுதினாங்க. க்ளெய்ம் பேப்பர்லாம் பாத்து பழகின ஆளுங்கறதால இது நோய்க்கான கோட் நம்பர்னு புரிஞ்சுது, வெளியில வந்து போன்ல தேடினா மதுவுக்கு அடிமையான நிலைன்னு உலக சுகாதார நிறுவனத்தோட பட்டியல்லயே இருக்கு. கெட்ட குணம்னு நினைச்சுட்டு இருந்ததுக்கு ஒரு நம்பர் இருக்குங்கறது எனக்கு என்னமோ ஆறுதலா இருந்துச்சு, ஏன்னு இன்னும் விளக்கத் தெரியல.

இங்க ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லிடணும். தினமும் நிறைய குடிச்சுட்டு இருக்கறவங்க வைராக்கியமா ஒரே நாள்ல நிறுத்தக் கூடாது. வைராக்கியம் நல்லதுதான், உடம்புக்கு அது தெரியாது. நடுக்கம், வேர்வை, தூக்கமே வராம இருக்கறதுன்னு ஆரம்பிச்சு சில பேருக்கு வலிப்பு வரும், ரெண்டாம் மூணாம் நாள்ல இல்லாதது கண்ணுக்குத் தெரியும், சுவத்துல பூச்சி ஊருதுன்னு தட்டிட்டு இருப்பாங்க, உயிருக்கே ஆபத்தாகும். அதுக்கு டாக்டர் மேற்பார்வையில மாத்திரை இருக்கு, தயமின்னு விட்டமின் போடுவாங்க, சில நாள்ல உடம்பு அடங்கிடும். கூட்டத்துக்குப் போறதும் டாக்டர்கிட்ட போறதும் வேற வேற வேலை, ஒண்ணுக்குப் பதில் இன்னொண்ணு இல்ல.

உடம்பு அடங்கினப்புறம் டாக்டரம்மா கேட்டாங்க, "சாயங்காலம் ஏழு மணிக்கு என்ன பண்ணுவீங்க?" நான் முழிச்சேன். 11 வருஷமா ஏழு மணிக்கு என்ன பண்றதுன்னு யோசிக்க வேண்டிய அவசியமே வரல. சீட்டோட பின்பக்கத்துல ஏஏன்னு எழுதி, "ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கறவங்க ஒண்ணா கூடிப் பேசற கூட்டம், நம்ம ஊர்லயே இருக்கு, விசாரிச்சுப் போங்க"ன்னாங்க.

விசாரிச்சுப் போறதுன்னா எங்க விசாரிக்கறது? இதுதான் கொடுமை. எந்த ஊருக்குப் போனாலும் டாஸ்மாக் எங்க இருக்குன்னு எனக்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்ல, காலே கூட்டிட்டுப் போயிடும். ஆனா இந்தக் கூட்டம் நடக்கற இடம் நான் வழக்கமா வண்டி நிறுத்தற இடத்துலேருந்து நடந்தா அஞ்சு நிமிஷம், 11 வருஷமா தெரியாது. போர்டு வெச்சிருந்தாங்களான்னு கேட்டா, வெச்சிருந்தாங்க, ஒரு கால் பக்கப் பேப்பர் அளவுக்கு, கேட்டுக்கு உள்பக்கம்.

நெட்டுல தேடினேன். குடிபோதை மறுவாழ்வுன்னு போட்டா மேல வர்றதெல்லாம் விளம்பரம், தங்கி சிகிச்சை எடுக்கற இடங்கள், மாசம் இவ்வளவுன்னு. பஸ் ஸ்டாண்டு சுவத்துல ஒட்டியிருப்பாங்களே, "அவருக்குத் தெரியாமலே குடியை மறக்கச் செய்யலாம்"னு, அந்த மாதிரி நெட்டுலயும் இருக்கு. இதை நம்பி சாம்பார்ல கலக்கற வீட்டம்மாக்களுக்கு ஒண்ணு சொல்றேன், டைசல்ஃபிரம்னு ஒரு மாத்திரை நிஜமாவே இருக்கு, அதைச் சாப்பிட்டுட்டு குடிச்சா முகம் செவந்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு, வாந்தி வந்து, பிரஷர் இறங்கி ஆளு விழுந்துடலாம். தெரிஞ்சு, சம்மதிச்சு, டாக்டர் சொல்லி சாப்பிடறவங்களுக்கு அது ஒரு வேலி மாதிரி உதவும். தெரியாம குடுத்தா அது ஆபத்து, அந்தப் பொட்டலத்துல அதுதான் இருக்கா வேற என்ன இருக்குன்னும் உங்களுக்குத் தெரியாது.

கடைசியில எவரோ எப்பவோ போட்ட ஒரு பழைய பட்டியல் கிடைச்சுது, அட்ரஸ் இருந்துச்சு, சனிக்கிழமை ஏழு மணின்னு போட்டிருந்துச்சு. போனா கேட் பூட்டியிருக்கு. வாட்ச்மேன் "அவங்க இடம் மாத்தி ரொம்ப நாளாச்சே"ன்னாரு. உடனே எனக்கு என்ன தோணுச்சுன்னு நினைக்கறீங்க, சந்தோஷம்! நான் முயற்சி பண்ணிட்டேன், கூட்டம்தான் இல்ல, என் மேல தப்பு இல்லன்னு நேரா கடைக்குப் போயிட்டேன். அதனால சொல்றேன், நெட்டுல பாத்த நேரத்தை நம்பி நேராப் போகாதீங்க, முதல்ல போன் பண்ணுங்க. ஏஏவோட இந்திய அலுவலகம் மும்பையில இருக்கு, அவங்க வெப்சைட்டுல ஊர் வாரியா தொடர்பு நம்பர் இருக்கும், அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுலயும் கேக்கலாம். 14446ன்னு போதைப் பழக்கத்துக்கான மத்திய அரசோட இலவச நம்பர் இருக்கு, மனசு சரியில்லன்னா 14416 டெலி மானஸ். சென்னைப் பக்கம்னா டிடிகே ஆஸ்பத்திரி இருக்கு, சாந்தி ரங்கநாதன் அம்மா தன் வீட்டுக்காரரை இதே குடிநோய்க்குப் பறிகொடுத்துட்டு 1980ல ஆரம்பிச்சது.

நான் போன் பண்ணது அதுக்கு ஒரு வாரம் கழிச்சு. டீக்கடை ஓரமா நின்னுட்டு இருக்கேன், எதிர்ல கடை, பாக்கெட்டுல காசு, கையில போன். ஒருத்தர் எடுத்தாரு, வயசான குரல். நான் என் பேரைக் கூட சொல்லல, "ஒரு நண்பருக்காகக் கேக்கறேன்"னேன். "சரிங்க, உங்க நண்பரை செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு வரச் சொல்லுங்க"ன்னு இடம் சொன்னாரு. நான் வேற எதையும் கேக்கல, பீஸ் எவ்வளவு, யாரு நடத்தறாங்க, ஒண்ணும் கேக்கல. "வண்டியை எங்க நிறுத்தறது?"ன்னு கேட்டேன். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "உள்ள வேப்பமரத்துக்குப் பின்னாடி நிறுத்துங்க தம்பி, ரோட்டுலேருந்து தெரியாது. எல்லாரும் இதைத்தான் கேப்பாங்க."

இந்த ஏஏவே ஒரு போன் கால்லதான் ஆரம்பிச்சுதுன்னு அந்த அண்ணன்தான் பின்னாடி சொன்னாரு. 1935 மே மாசம், அமெரிக்காவுல ஆக்ரன்னு ஒரு ஊரு, பில்னு ஒரு ஷேர் மார்க்கெட் ஆளு, வந்த வியாபாரம் ஊத்திக்கிச்சு, ஓட்டல் கூடத்துல தனியா நிக்கறாரு. அஞ்சு மாசமா குடிக்காதவரு. ஒரு பக்கம் பார்லேருந்து சிரிப்புச் சத்தம், இன்னொரு பக்கம் போன். அவரு போன் பக்கம் போயி, அங்க இருந்த சர்ச் பட்டியலைப் பாத்து வரிசையா கூப்பிட்டு, இந்த ஊர்ல என்னை மாதிரி ஒரு குடிகாரன்கிட்ட பேசணும்னு கேட்டாரு. கேட்டுக் கேட்டு கடைசியில பாப்னு ஒரு சர்ஜன்கிட்ட போயி முடிஞ்சுது. 15 நிமிஷம்தான் பேசுவேன்னு வந்த டாக்டரு ராத்திரி வரைக்கும் பேசினாராம். அந்த டாக்டர் கடைசியா குடிச்ச 1935 ஜூன் 10தான் ஏஏ பிறந்த நாள். 1957லேயே இந்தியாவுக்கு வந்துடுச்சு. எனக்கு இந்தக் கதையில பிடிச்சது, பில் அந்த டாக்டருக்குப் புத்தி சொல்லப் போகல, தான் குடிச்சுடாம இருக்க அவருக்கு இன்னொரு குடிகாரன் தேவைப்பட்டான். எனக்குப் புத்தி சொல்ல ஊர்ல ஆயிரம் பேர் இருந்தாங்க, நான் தேவைப்பட்டேன்னு சொல்ல ஒருத்தரும் இல்ல.

செவ்வாய்க்கிழமை போனேன். சர்ச் வளாகத்துல பின்பக்கம் ஒரு ரூம், ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களுக்குப் பாடம் நடக்கற இடம், சுவத்துல பெரிய கப்பல் படமும் ஒட்டகச்சிவிங்கியும். பெஞ்செல்லாம் சின்னப் பிள்ளைங்க உயரத்துக்கு. அதுல 14 பேரு முழங்காலை நெஞ்சு வரைக்கும் மடக்கிட்டு உக்காந்திருந்தாங்க, ஒருத்தர் கோர்ட்டு கோட்டு, ஒருத்தர் ஆட்டோ காக்கி, ஒரு காலேஜ் பையன். நான் எதிர்பாத்தது வேற, தாடியும் அழுக்குச் சட்டையுமா இருப்பாங்கன்னு நினைச்சேன், நானே அயர்ன் பண்ண சட்டையிலதான் போயிருக்கேன்ங்கறது அப்ப தோணல.

மூணாவது பெஞ்சுல பாத்தா என் பாலிசிதாரர். நான் "இல்லை"ன்னு டிக் பண்ணி விட்ட அதே ஆளு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துட்டு ஒரு நிமிஷம் பேச்சே வரல. அப்புறம் அவரு நகந்து இடம் விட்டுட்டு மெதுவா என் காதுல, "சார், அந்த ஃபார்ம்ல தப்பா எழுதிட்டோம்னு நினைக்கறேன்"னாரு. நான் சிரிச்சுட்டேன். குடிக்காம சிரிச்சு அப்ப எவ்வளவு நாளாச்சோ.

என்ன நடக்கும்னு கேட்டாங்கள்ல, சொல்றேன், பெருசா ஒண்ணும் இல்ல. கொஞ்ச நேரம் அமைதியா இருப்பாங்க, ஏஏன்னா என்னன்னு ஒருத்தர் வாசிப்பாரு, குடியிலேருந்து வெளிய வர ஏஏ சொல்ற 12 படிகள்ல ஏதாச்சும் ஒண்ணைப் படிப்பாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா எழுந்து "என் பேரு இன்னது, நான் ஒரு குடிநோயாளி"ன்னு ஆரம்பிச்சு தன் கதையைப் பேசுவாங்க. பேச விருப்பம் இல்லன்னா "இன்னிக்கு கேட்டுக்கறேன்"னு சொன்னா போதும், நான் முதல் அஞ்சு கூட்டம் வாயே திறக்கல. ஒருத்தர் பேசும்போது நடுவுல யாரும் குறுக்க பேசறதில்ல, "நீங்க அப்படி பண்ணியிருக்கணும்"னு சொல்றதில்ல. கடைசியில எல்லாரும் எழுந்து நின்னு ஒரு சின்னப் பிரார்த்தனை, மாத்த முடியாததை ஏத்துக்கவும் முடிஞ்சதை மாத்தவும் கேக்கற மாதிரி. டீ, மேரி பிஸ்கட். ஒண்ணேகால் மணி நேரம். ஓபன் மீட்டிங்னா வீட்டு ஆளுங்க, டாக்டருங்கன்னு யார் வேணும்னாலும் வரலாம், க்ளோஸ்டு மீட்டிங்னா குடிநோயாளிங்க மட்டும்தான், போன் பண்ணும்போதே எதுன்னு கேட்டுக்கோங்க. எந்த மொழியில நடக்குதுன்னும் கேளுங்க, பெரிய ஊர்கள்ல இங்கிலீஷ் குரூப்பும் இருக்கு. நம்ம அசிங்கத்தை நம்ம மொழியில பேசினாத்தான் வெளிய வரும், என் அனுபவத்துல.

காசு? கடைசியில ஒரு துணிப்பை சுத்தி வரும், முடிஞ்சதைப் போடலாம், புதுசா வந்தவங்க போட வேண்டாம்னு சொல்லிடுவாங்க. நான் கெத்துக்கு 500 ரூபா நோட்டை எடுத்தேன், பக்கத்துல இருந்தவரு கையைப் பிடிச்சுட்டாரு. வாடகை, டீ, புத்தகம் எல்லாம் அந்தப் பையிலேருந்துதான், வெளி ஆளுங்ககிட்ட பைசா வாங்கறதில்ல, ஒரு தொழிலதிபர் ரூமுக்கு ஏசி போட்டுத் தர்றேன்னு வந்தாராம், வேண்டாம்னுட்டாங்களாம். அந்த ரூம் மே மாசம் எப்படி இருக்கும்னு எங்களுக்குத்தான் தெரியும். ரிஜிஸ்டர் இல்ல, ஆதார் இல்ல, கையெழுத்து இல்ல. ஃபார்ம் நிரப்பியே வாழ்க்கையை ஓட்டினவனுக்கு அது ஒரு மாதிரி பயமாக்கூட இருந்துச்சு, உள்ள வர்றதுக்கு குடியை விடணும்ங்கற ஆசை மட்டும் போதுமாம்.

ஆனா என்னை நிஜமா அசைச்சது வேற. முடிஞ்சு வெளிய வரும்போது யாராச்சும் ஒருத்தர் சத்தியம் கேப்பாங்கன்னு காத்துட்டு இருந்தேன். இனிமே தொட மாட்டேன்னு சொல்லுன்னு. வாயில ரெடியா வெச்சிருந்தேன். யாரும் கேக்கல. "இன்னிக்கு ராத்திரி தூங்கப் போற வரைக்கும் முதல் கிளாஸைத் தொடாம இருங்க, நாளைக்கு நாளைக்குப் பாத்துக்கலாம்"னு போன் எடுத்த அந்த அண்ணன் சொல்லிட்டு அவரு நம்பரை எழுதிக் குடுத்தாரு. பொன்மலை ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. இவரு உனக்கு ஸ்பான்சர்னு சொன்னப்போ நான் காசு குடுத்து உதவறவருன்னு நினைச்சுட்டேன், கிரிக்கெட் டீமுக்கு ஸ்பான்சர் மாதிரி. பின்னாடி பாத்தா ராத்திரி பதினோரு மணிக்கும் போன் எடுக்கறவருன்னு அர்த்தம். குடிச்சப்புறம் போன் பண்ணி அழறதுக்கு இல்ல, குடிக்கறதுக்கு முன்னாடி போன் பண்றதுக்கு.

எங்க அம்மா சர்ச்சுன்னதும் பயந்துடுச்சு, "மதம் மாத்திப்புடுவாங்கடா"ன்னு. நல்ல கேள்விதான். வாடகைக்கு குறைச்சலா ரூம் குடுக்கறது பெரும்பாலும் சர்ச்சும் ஸ்கூலும்தான், அதுக்கு மேல அங்க சம்பந்தம் இல்ல. படிகள்ல கடவுள்னு வரும், ஆனா நாம எப்படிப் புரிஞ்சுக்கறமோ அந்தக் கடவுள்னு சேத்தே இருக்கு. எங்க குரூப்புல முருகனைச் சொல்றவர் இருக்காரு, தொழுகை முடிச்சுட்டு தொப்பியோட வர்றவர் இருக்காரு. கறுப்புச் சட்டை பெரியவர் ஒருத்தர், பெரியார் தொண்டரு, அவரு எழுந்து நின்னு, "எனக்கு மேல ஒரு சக்தின்னா அது இந்த பெஞ்சுல உக்காந்திருக்கற நீங்க 14 பேருதான், நான் ஒருத்தன், நீங்க 14 பேரு, கணக்கு சரியா வருது"ன்னு சொல்வாரு. பிரார்த்தனை நேரத்துல எல்லாரோடயும் எழுந்து நிப்பாரு, வாயை மட்டும் திறக்க மாட்டாரு.

எல்லாம் அமோகமா இருக்குன்னு நினைச்சுடாதீங்க. ஒரு சார் இருக்காரு, வாரா வாரம் அதே கல்யாண வீட்டுல விழுந்த கதை, எந்த வரியில இருமுவாருன்னு கூட எனக்குத் தெரியும். சில பேரு பழைய குடியைப் பெருமை மாதிரி அளந்து விடுவாங்க, எத்தனை ஃபுல்லு, எந்த பாருன்னு, கேக்கறப்ப எச்சில் ஊறும், அது எனக்குப் பிடிக்காது, சொல்லியும் இருக்கேன். கொசு. அப்புறம் வந்தவங்க எல்லாரும் நிக்கறதும் இல்ல, அந்த காலேஜ் பையன் ஆறு வாரத்துல காணாம போயிட்டான். ஏஏ பிடிக்காம கவுன்சிலிங்கும் மாத்திரையும் வெச்சே நல்லா இருக்கறவங்களும் எனக்குத் தெரியும், அது தப்புன்னு சொல்ல மாட்டேன். பொம்பளைங்க எங்க குரூப்புல ஒருத்தங்கதான், கதவுப் பக்கம் உக்காருவாங்க. நமக்கு வண்டியை நிறுத்தவே இவ்வளவு கூச்சம்னா அவங்க அந்த கேட்டைத் தாண்டி வந்தது எப்பேர்ப்பட்ட விஷயம். 2020க்கு அப்புறம் ஜூம்ல கூட்டம் நிறைய நடக்குது, வெளிய வர முடியாதவங்களுக்கு அது பெரிய உதவி, கேமராவை ஆஃப் பண்ணிட்டுக் கூட கேக்கலாம்.

நானும் விழுந்தேன். 73ஆவது நாள், மச்சான் வீட்டு கிரகப்பிரவேசம், மொட்டை மாடியில சைட் டிஷ் வாசனை, ஒரு மூடிதானேன்னு. மூணு நாள் கழிச்சுதான் தெளிஞ்சேன். அடுத்த செவ்வாய்க்கிழமை வேப்பமரத்துக்குப் பின்னாடி வண்டியிலயே உக்காந்திருந்தேன், இறங்கல. 73 நாள் கைதட்டினவங்க முன்னாடி எந்த மூஞ்சியோட போறது. என் பாலிசிதாரர் வெளிய வந்தாரு, ஒண்ணும் கேக்கல, "டீ ஆறுது சார்"னாரு. உள்ள போயி எழுந்து நின்னு "இன்னிக்கு எனக்கு நாலாவது நாள்"னேன். கைதட்டினாங்க. 73க்குத் தட்டின அதே சத்தம்தான், ஒரு துளி குறையல.

வீட்டைப் பத்தி கொஞ்சம். குடிக்கறவங்க குடும்பத்துக்குன்னு அல்-அனான்னு தனியா இருக்கு, பில்லோட மனைவி லோயிஸும் இன்னொரு அம்மாவும் சேந்து 1951ல ஆரம்பிச்சது. என் வீட்டுல முதல்ல, "குடிச்சது நீங்க, கூட்டத்துக்கு நான் எதுக்குப் போகணும்"னு கேட்டா. நியாயமான கேள்வி, எனக்குப் பதில் தெரியல. பாட்டில்ல பேனாவால கோடு போட்டு வெச்சு அளந்தவ, என் சட்டைப் பையை தினம் மோந்து பாத்தவ, பத்து மணி ஆனா ஜன்னல்கிட்ட நின்னவ. போய்ட்டு வந்து ஒண்ணே ஒண்ணு சொன்னா, "இதை நான் உண்டாக்கலையாம், என்னால நிறுத்தவும் முடியாதாம்". சொல்லிட்டு ரொம்ப நேரம் அழுதா. இத்தனை வருஷமா அவ தன்னால ஏதோ குறைன்னு நினைச்சுட்டு இருந்திருக்கா, அது எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். அதுக்கப்புறம் மூணு நாலு தடவைதான் போனா, எனக்கு இது போதும்னுட்டா. போகச் சொல்லி நான் வற்புறுத்தல.

பேரு ஏன் போடலன்னா, அனானிமஸ்னா பேர் வெளிய தெரியாதவங்கன்னு அர்த்தம், அந்த வார்த்தையே அதுக்குத்தான். அங்க கேட்டது அங்கயே இருக்கணும், பாத்த முகத்தை வெளிய சொல்லக் கூடாது, பத்திரிகை மாதிரி பொது இடத்துல நான் ஏஏ ஆளுன்னு பேரு போட்டுக் காட்டிக்கவும் கூடாது. நாளைக்கு நான் மறுபடி விழுந்தா இவன் போன இடம் சரியில்லன்னு ஊரு பேசக் கூடாதுல்ல. மேல எழுதின ஆளுங்க விவரமெல்லாம் கொஞ்சம் மாத்திதான் எழுதியிருக்கேன், கறுப்புச் சட்டைக்காரர் மட்டும் "என்னை மாத்தாதே"ன்னு சொல்லிட்டாரு. இது ஏஏவோட பேச்சும் இல்ல, என் பேச்சு.

இப்ப மூணு வருஷம் நாலு மாசம் ஆச்சு. ஃபார்ம்ல அந்தக் கேள்வி வர்றப்ப நிஜத்தைத்தான் எழுதறேன், அதனால ரெண்டு பாலிசி கைவிட்டுப் போச்சு, மேனேஜர் ஒரு மாதிரி பாத்தாரு. இந்த வருஷம் குரூப்போட தொடர்பு போன் என் கையில இருக்கு, ஃபிட்டர் அண்ணனுக்குக் காது சரியா கேக்கல, அதனால எனக்குக் குடுத்துட்டாங்க. வாரத்துக்கு ரெண்டு மூணு கால் வரும், பாதிப் பேரு நண்பருக்காகத்தான் கேப்பாங்க.

நேத்து ராத்திரி ஒம்பது மணிக்கு ஒருத்தர் பண்ணாரு. பின்னாடி கடை சத்தம் கேக்குது, பாட்டில் பெட்டி இறக்கற சத்தம் எனக்கு நல்லாத் தெரியும். இடம் கேட்டாரு, சொன்னேன், நேரம் கேட்டாரு, சொன்னேன். அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சே இல்ல, வெச்சுட்டாரோன்னு பாத்தேன், வெக்கல.

"சார், ஒண்ணு கேக்கலாமா, என் வண்டி கொஞ்சம் எல்லாருக்கும் தெரிஞ்ச வண்டி..."

"உள்ள வேப்பமரத்துக்குப் பின்னாடி நிறுத்துங்க"ன்னேன். "மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டின ஸ்ப்ளெண்டர் ஒண்ணு நிக்கும், அதுக்குப் பக்கத்துல."